ஜூன் பத்தொன்பதுக்கு லீவு

1. சிவப்புச் சாப்பாடு

டுசல்டோர்ஃபில் ஓர் அமெரிக்கக் கம்பனியின் கன்டீனில் சமையல்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என்னோடு வேலை செய்த டெனிஸ், டெக்சாஸில் பிறந்த கறுப்பினப் பெண். ஜேர்மன்காரரைக் கட்டி இங்கே வந்தவள். கிச்சனில் வேலை செய்த தமிழ்ப் பையன்களைப் பார்த்து அவளும் என்னை 'அண்ணை' என்பாள்.

ஒரு வருடம் ஜூன் 19க்கு லீவு கேட்டாள். அடிமைகள் விடுதலையான செய்தி டெக்சாஸுக்குப் பிந்தி வந்து சேர்ந்த நாள் அது. அமெரிக்காவில் அரசு விடுமுறை. இங்கே இல்லை. அன்று அவளுடைய தாய் குடும்பத்தைக் கூட்டி, அடிமைகளாக இருந்த முன்னோரின் பெயர்களை வாசிப்பார். வீட்டில் இருந்து அதைப் போனில் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் கிச்சன் பொறுப்பாளரிடம் சொன்னாள்.

அந்த மனுசனுக்கு ஒரே சந்தோசம். "முதலே சொல்லியிருக்கலாமே! இங்கயே கொண்டாடுவம். நீ இல்லாமல் எப்பிடி?"

அந்த நாளில் சிவப்பாகச் சாப்பிடுவதும் குடிப்பதும் அவர்கள் வழக்கம். அவளைக் கொண்டே செவ்வரத்தம்பூச் சர்பத் செய்வித்தார்கள். மேசைக்குப் பின்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அவளுடைய போன் லொக்கருக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

தாய்க்கு அதுதான் கடைசி ஜூன்.

2. பல்லு வலி

அடுத்த வருடம் தலைமையகம் இந்த மாதிரிக் கொண்டாட்டங்களை நிறுத்தச் சொல்லிவிட்டது. டெனிஸ் மறுபடி லீவு கேட்டாள். இனிப் பெயர்களை வாசிக்க வேண்டியவள் அவள்தான்.

"இந்த முறை ஒண்டும் இல்லையே. பிறகென்னத்துக்கு லீவு? ஆக்களும் காணாது" என்றார் பொறுப்பாளர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் நடந்த கடைசிப் போரில் எங்கள் சனம் செத்த நாளுக்கு விளக்குக் கொளுத்த ஒவ்வொரு மே மாதமும் நான் போவேன். பல் வைத்தியரிடம் நேரம் எடுத்திருக்கிறேன், டெர்மின் என்றுதான் சொல்வேன். ஒருவனும் கேள்வி கேட்டதில்லை.

"பல்லு வலி எண்டு சொல்லு, பிள்ளை. ஒருத்தரும் வாய் திறக்க மாட்டினம்."

"உங்களுக்கு இன்னும் பல்லு மிச்சம் இருக்கோ, அண்ணை?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "என்ர அம்மாவை நினைக்கிறதுக்கு என்னால பொய் சொல்லேலாது."

19ஆம் திகதி வேலைக்கு வந்தாள். பீட்ரூட் வெட்டினாள். கை முழுக்கச் சிவப்பு. வாய் அசைந்துகொண்டே இருந்தது. பெயர்கள்.

பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார். "கதைச்சது காணும். கெதியா வெட்டு."

புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். லீவு கேட்டால் காரணம் சொல்லாதீர்கள். சட்டப்படி சொல்லத் தேவையும் இல்லை. சொன்னால் முதல் வருடம் உங்களை நிறுத்திப் படம் எடுப்பார்கள். அடுத்த வருடம் அப்படி ஒரு நாளே இல்லை என்பார்கள்.

இத்தனை வருட வேலையில் நான் படித்தது இவ்வளவுதான். கேவலமான பாடம். வேறு இல்லை.