சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு நெஞ்சுவலி வர ஆரம்பித்தது. அப்போது நான் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்துகொண்டிருந்தேன். திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் புதுப்புது மண்டபங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். தொழில் நன்றாகவே நடந்தது. உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. இடது விலாவுக்குள் யாரோ கையை விட்டுப் பிசைவது போல இருக்கும். ஒரு கல்யாணத்தன்று, சமையல் நடக்கிற ஆக்குப்புரையிலேயே அரிசி மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஆட்கள் பயந்துபோய் ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனார்கள். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு அவர், இதயத்தில் ஒன்றும் இல்லை, வாயுதான் என்றார்.

மாத்திரை தின்றும் போகவில்லை. தொழிலை விட்டுவிடலாமென்று பார்க்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"முக்கூடல் கல்யாணத்துல மோட்டார் ஓடாம ஆத்துலயிருந்து தண்ணி சுமந்து சமைச்சோம்னு சொன்னியளே, அன்னைக்கு வலிச்சுதா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்ல."

"பின்ன எப்பத்தான் வலிக்கி உங்களுக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. வலிக்கிறவனிடம் கணக்கு கேட்கிறாளே என்று வெளியே போய்விட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. முக்கூடலில் அன்று எல்லாமே கோணலாகத்தான் போயிற்று. தண்ணீர் இல்லை, விறகு ஈரம், மாப்பிள்ளை வீட்டார் சொன்னதைவிட அதிகமாக வந்து இறங்கினார்கள். சொல்லப்போனால் அன்றுதான் நெஞ்சு வெடித்திருக்க வேண்டும். நானோ அன்று ஆட்களோடு சேர்ந்து ஆற்றில் குளித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வேனில் ஏறினேன்.

அதன்பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். தியானம், ஆசனம் என்று எதுவும் கிடையாது. வலி வரும்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது, எதிரே யார் நிற்கிறார்கள், நான் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். ஆரம்பத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. சாம்பார் கொதிக்கிற நேரத்தில் ஒருவன் தன்னைத்தானே பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? பிறகு ஒரு காலையில், பாளையங்கோட்டை மண்டபத்தில், காய் நறுக்குகிறவர்களிடம் தலைமைச் சமையல்காரர் தணிந்த குரலில் சொன்னது காதில் விழுந்தது.

"ஏலே, இன்னைக்கு அண்ணாச்சிக்குச் சொந்தக்காரக் கல்யாணம். பாத்துப் பைய நடந்துக்கிடுங்க. சும்மாவே மேல விழுந்து ஏசுவாரு."

நான் விறகுக் கட்டுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் நிலபுலன் இருந்த சைவ வேளாளக் குடும்பம். நிலம் போய்விட்டது, பேச்சு போகவில்லை. அண்ணன் படித்துப் பேங்க் அதிகாரி ஆனார். எனக்குப் படிப்பு ஏறவில்லை. ஆனால் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் ஆக்குப்புரையிலேயே கிடப்பேன். அதையே தொழிலாக எடுத்துக்கொண்டபோது அப்பா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே எல்லோர் முன்னாலும் "நம்ம வீட்டுத் தவசிப்பிள்ளை" என்பார். எங்கள் பக்கம் சமையல்காரரை அப்படித்தான் சொல்வது. அந்தச் சொல்லில் குற்றம் ஒன்றும் இல்லை. அவர் சொல்லுகிற தோரணையில் இருந்தது.

சொந்தத்தில் நான் முதன்முதலாகக் காண்ட்ராக்ட் எடுத்த கல்யாணத்துக்கு அப்பா வந்திருந்தார். பந்திக்கு முன்னால் நானே போய்க் கூப்பிட்டேன்.

"வீட்டுல சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்" என்றார்.

அப்பா காலமான பிறகு அந்த இடத்துக்கு அண்ணன் வந்தார். அவர் சாப்பிடுவார். நன்றாகவே சாப்பிடுவார். கை கழுவிவிட்டு வந்து, பக்கத்தில் நாலு பேர் இருக்கும்போது, ஒன்று சொல்வார். "சொதியில தேங்காப்பால் கொஞ்சம் முந்திட்டோ?" இல்லையென்றால் "இஞ்சிப் பச்சடி நம்ம அம்மை வைக்க மாதிரி வரல, என்ன?" பதில் எதிர்பார்க்க மாட்டார், போய்விடுவார்.

அன்றைக்கு அந்தப் பாளையங்கோட்டை மண்டபத்தில் முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. வலி வந்தது. வந்ததும் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தேன். பந்தி நடக்கிற கூடத்தில், ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. எதிர் வரிசையில் அண்ணன் முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வயது தாண்டியாயிற்று, என்னை நம்பி ஒரு கூட்டம் ஆட்கள் பிழைக்கிறார்கள், பரீட்சைப் பேப்பர் வாங்க நிற்கிற பையனைப் போல நான் நிற்கிறேன். எத்தனை வருஷமாக இப்படி நின்றிருக்கிறேன் என்று தெரியவில்லை. அவமானமாக இருந்தது. அண்ணன்மேல் கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அதிலிருந்து சிலதை மாற்றிக்கொண்டேன். கூடத்துக்குள் போவதை நிறுத்தினேன். பரிமாறுகிறதைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் போட்டேன். யாரிடமும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பதில்லை. ஆட்களைத் திட்ட வாயெடுக்கும்போதெல்லாம், இந்தக் கோபம் இவன்மேல்தானா என்று ஒரு நிமிஷம் பார்ப்பேன். பெரும்பாலும் அவன்மேல் இருக்காது. கடைசியில் சொந்தக்காரர் கல்யாணங்களை எடுப்பதில்லை என்றும் முடிவு செய்தேன். தேதி ஒழியவில்லை என்று சொல்லிவிடுவேன். ஒரு வருஷத்துக்குள் வலி விட்டுப்போயிற்று. விடிகாலையில் கோட்டை அடுப்பு பற்றி, முதல் அண்டாவில் தண்ணீர் சத்தம் போட ஆரம்பிக்கும்போது, இந்தத் தொழில் எனக்கு எவ்வளவு பிடித்தது என்பது மறுபடி நினைவுக்கு வந்தது.

அப்போதுதான் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அண்ணன் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, காப்பியை ஆற்றிக்கொண்டே பேசினார். கேட்கவில்லை, சொன்னார்.

"சமையல் உன் பொறுப்புடே. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பெரிய எடம். மறுவீட்டு விருந்துச் சொதி வரைக்கும் ஒரு குறை வரக் கூடாது."

"இல்லண்ணே. நம்ம சொந்தத்துல நான் இப்போ எடுக்கதில்ல. நல்ல ஆளாப் பாத்து நானே பேசி விடுதேன்."

"எங்க வீட்டுக் கல்யாணத்துக்கே இல்லங்கியா?"

"அன்னைக்கு நான் சித்தப்பாவா வாரேன்."

அண்ணன் சிரித்தார். "சித்தப்பாவா வந்து என்னடே செய்வே?"

"எல்லாரும் என்ன செய்வாங்களோ அதத்தான். வந்தவங்களை வாங்கன்னு கேப்பேன். பந்தியில உக்காந்து சாப்பிடுவேன்."

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது மனைவியைப் பார்த்து, "இவனுக்கு நாலு காசு சேந்துட்டுல்லா" என்றார். நான் பேசி விடுகிறேன் என்று சொன்ன ஆளையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. வேறு ஒருவரைத் தானே ஏற்பாடு செய்துகொண்டார்.

கல்யாணத்துக்குப் பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். மாப்பிள்ளையின் அப்பா வாசலில் என்னைப் பார்த்து, யார் என்பது போல அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி" என்றார் அண்ணன்.

"என்ன பண்ணுதாங்க?"

"பிசினஸ்" என்று சொல்லிவிட்டு அண்ணன் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

எனக்கு ஒன்று அங்கேதான் விளங்கியது. இத்தனை வருஷமும் சொந்தத்துக் கல்யாணங்களில் நான் ஆக்குப்புரையில் இருந்ததால், என்னை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டிய தேவை அவருக்கு வரவே இல்லை. சித்தப்பாவா வாரேன் என்றதற்கு அவர் ஏன் சிரித்தார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பந்தியில் உட்கார்ந்தேன். சாப்பாடு சுமார்தான். அவியலில் சேனை வேகவில்லை, பாயசத்தில் அடி பிடித்த வாசம். நான் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சாப்பிட்டு முடிக்கிற சமயம் அண்ணன் அந்தச் சமையல் காண்ட்ராக்டரைக் கூடத்துக்கு நடுவில் கூட்டிவந்தார். நல்ல வயதாளி, வியர்த்துப்போய் நின்றார். அண்ணன் அவருக்கு ஒரு சால்வையைப் போர்த்தி, சம்பந்தி வீட்டாரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"இப்படி ஒரு சமையல் எங்க குடும்பத்துல இதுவரைக்கும் நடந்ததில்ல."

வலி வந்தது. அதே இடம், அதே பிசைவு. ஆனால் இந்தத் தடவை எனக்குப் பயம் இல்லை. இதயமும் இல்லை, வாயுவும் இல்லை, இன்னது என்று தெரியும். இலையை மடித்தேன், கை கழுவினேன், அண்ணன் மகளுக்கு மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு மனைவியோடு பஸ் ஏறினேன். திருநெல்வேலி சந்திப்பில் இறங்கும்போது, "அந்தப் பாயசத்தைக் குடிச்சியளா?" என்றாள். "குடிச்சேன்" என்றேன்.

அதற்குப் பிறகு அண்ணன் வீட்டோடு போக்குவரத்து அறுந்துபோயிற்று. நல்லது கெட்டதுக்குத் தபாலில் பத்திரிகை வரும். அண்ணன் மகன் கல்யாணத்தன்று எனக்கு விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு மில் தொழிலாளி வீட்டுக் கல்யாணம். தேதி ஒழியாமல் போனது உண்மைதான். ஒழிந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன். அங்கே கடைசிப் பந்தியில் ஆட்களோடு நானும் உட்கார்ந்தேன். பெண்ணின் அப்பாவே வாளியைத் தூக்கிவந்து எங்களுக்குப் பரிமாறினார்.

தன்னை அறிந்தால் நிம்மதி வரும் என்கிறார்கள். தொழிலில் வந்தது. ராத்திரி படுத்தால் தூக்கம் வருகிறது, ஆட்கள் என்னிடம் பயமில்லாமல் பேசுகிறார்கள். ஆனால் அதே கண்ணால்தான் அண்ணனையும் பார்த்தேன். பார்த்த பிறகு அவரிடம் பழைய மாதிரி போக முடியவில்லை. அவரும் வரவில்லை.

ரிட்டயர் ஆன பிறகு ஒரு தடவை மட்டும் வந்தார். நான் வேலைக்குப் போயிருந்தேன். மனைவி இலை போட்டிருக்கிறாள். முதல்நாள் நான் செய்து வைத்திருந்த புளிக்குழம்பையும் ஊற்றியிருக்கிறாள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாராம். அதற்குமேல் அவள் என்னவோ சொல்ல வந்தாள். நான் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன். அண்ணன் என்ன சொன்னார் என்று அவளிடம் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு நான் எவ்வளவு பாடுபடுகிறேன் என்பது மட்டும் தெரிந்தது.