பேஸ்மென்ட் சுவரும் மகளின் இடது கண்ணும்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “மூண்டு பத்தாச்சு, என்னை எத்தினை மணிக்கு எழும்ப விடுவாய்?” என்று என் அக்கா அப்போதுதான் மகளிடம் கேட்டிருந்தார். பதிலுக்குப் பதிலாக ஒரு சத்தம் வந்தது. அலறல் இல்லை. மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம்.

மல்வேர்னில் எங்கள் டவுன்ஹவுஸின் பேஸ்மென்டில் மூவரும் இருந்தோம். அக்கா பிக்கரிங்கிலிருந்து வந்து, சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டபடி கதிரையில் இருந்தார். மகள் அவரை வரைவதற்காக அப்படி இருத்தியிருந்தாள். சுவரில் ஒரு பஸ் தரிப்பு. அங்கே குளிரில் நிற்கிற சனம். இரண்டு முகங்கள் முன்னமே முடிந்துவிட்டன, மூன்றாவது அக்காவுடையது. “என்ர நாடியை ரெண்டாக் கீறிப்போடாதை பிள்ளை” என்று முகவாயைத் தடவியபடி அவர் வந்ததிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

மகளுக்குப் பதினேழு வயது. ஓவியராக வேண்டும் என்று அவள் சொல்லத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. கடைசி இரண்டு வருடமாக அதுவும் ஒரே வழியில் போய்விட்டது. ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் இத்தாலியில் எப்படி வரைந்தார்கள் என்பதுதான் அவளுக்கு வேண்டும். மறுமலர்ச்சிக் காலத்தில் பெண்பிள்ளைகளைப் பட்டறைகளில் சேர்ப்பதில்லை என்றும், சாரத்தில் ஏறிச் சுவரில் வரைவது ஆண்களின் வேலையாகவே இருந்தது என்றும் அவள்தான் எனக்குச் சொன்னாள். தகப்பன் ஓவியராக இருந்தால் மகள் வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம். அப்படிப் பழகியவர்களுக்கும் சின்னப் பலகைதான், சுவர் இல்லை.

“அப்பா பெயின்டரா இருந்தாத்தான் சான்ஸ். எனக்குக் கிடைச்சது அக்கவுண்டன்ட். வட் கான் ஐ டூ?” என்றாள்.

அந்த அக்கவுண்டன்டான நான் மண் மூட்டைகளைக் காரிலிருந்து இறக்கி, படியால் கீழே சுமந்து, சாந்து குழைக்கப் பழகினேன். லோன்ட்ரி மெஷினுக்கு எதிர்ச் சுவரில் ஒரு பகுதியை அவளுக்கு விட்டுக் கொடுத்தோம். ஈரச் சுவரில் வரைகிற முறை கேட்பதற்கு எளிது. சுண்ணாம்புச் சாந்து காய்வதற்குள், தண்ணீரில் கரைத்த நிறத்தை அதன்மேல் வைக்கவேண்டும். சாந்து காயும்போது நிறத்தையும் தனக்குள் பிடித்துக்கொள்ளும். காய்ந்த பிறகு வைத்தால் உதிர்ந்துவிடும். அதனால் அன்றைக்கு வரையக்கூடிய அளவுக்குத்தான் அன்று பூசவேண்டும். அன்று பூசியது அக்காவின் முகத்துக்கான இடம். அது தலைக்கு மேலே இருந்தது.

பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுத்தான் பூசத் தொடங்கினாள். அது மூச்சுப் பட்டுப் புகார் மூடி மங்கியதும் நெற்றிக்கு ஏற்றிவிட்டாள். நான் வாளியடியில் குனிந்திருந்தேன். அவள் பூசிக்கொண்டிருந்த கரண்டியின் விளிம்பிலிருந்து ஒரு கட்டிச் சாந்து நழுவி, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவளின் இடது கண்ணில் விழுந்தது.

“சுண்ணாம்பு சுட்டா எண்ணெய்தான் தம்பி! நல்லெண்ணெய் எங்க வச்சிருக்கிறியள்?” அக்கா சேலையைத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டார். வெற்றிலை போடுகிறவர்களின் நாக்குச் சுண்ணாம்பில் வெந்தால் எண்ணெய் தடவுவது எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். அந்தக் கணத்தில் எனக்கும் அது சரியென்றே பட்டது.

“அப்பா, தண்ணி. ஒன்லி தண்ணி. என்ர தலையைப் பிடியுங்கோ.”

லோன்ட்ரி தொட்டிக் குழாயைத் திறந்து, தலையை ஒருபக்கம் சரித்துப் பிடித்தேன். கண் இறுக மூடியிருந்தது. பெருவிரலால் இமையை இழுத்துத் திறக்கவேண்டியிருந்தது. என் பிள்ளையின் கண்ணை நான் பலவந்தமாகத் திறந்தேன். வெள்ளையாக ஏதோ கரைந்து வந்தது. பிறகு சின்னச் சின்ன மணல். பிறகும் வெள்ளை.

அக்கா எண்ணெய்ப் போத்தலோடு வந்து நின்றார். “ஒரு சொட்டு விடு, தம்பி. குளிர்மையா இருக்கும்.”

“வேண்டாம் எண்டுறன் அக்கா! அம்புலன்சுக்கு அடியுங்கோ!”

அவர் அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, போனை என் காதுக்குக் கிட்டப் பிடித்தார். மறுபக்கத்தில் பேசிய பெண், ஆட்கள் வந்து சேரும்வரை தண்ணீரை நிறுத்த வேண்டாம் என்றாள். அவள் குரலில் அவசரமே இல்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் உதவியாக இருந்தது.

“அப்பா, சுவர் காயுது.”

“சுவர் கிடக்கட்டும்.”

“மாமின்ர முகத்துக்கெண்டு பூசினது. இண்டைக்கு விட்டா வெட்டித்தான் எடுக்கோணும்.”

“என்ர முகம் எங்கயும் ஓடாது. நீ முதல்ல கண்ணைத் திறவடி!” என்றார் அக்கா. மகள் குழாய்க்குக் கீழே சிரித்தாள். சிரித்ததில் தண்ணீர் மூக்குக்குள் போய் இருமினாள்.

அம்புலன்சில் வந்தவர்கள் ஒரு பையைத் தொங்கவிட்டு, அதிலிருந்த மருந்துத் தண்ணீரால் வழி முழுக்கக் கழுவிக்கொண்டே வந்தார்கள். அக்கா வீட்டில் நின்றுவிட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ் மெல்லிய கடதாசித் துண்டொன்றை மகளின் கீழிமைக்குள் தொட்டு எடுத்தார். அதன் நிறத்தைப் பார்த்துவிட்டு, சுண்ணாம்பு இன்னும் உள்ளே இருக்கிறது, இன்னும் கழுவவேண்டும் என்றார். வலி தெரியாமலிருக்க விறைப்பு மருந்து விட்டார்கள். ஒருவர் மேலிமையைப் புரட்டி, அதற்குள் ஒட்டியிருந்த ஒரு சாந்து மணியைப் பஞ்சுக் குச்சியால் எடுத்தார். திரும்பவும் கழுவினார்கள். கடைசியில் கடதாசியின் நிறம் சரிவந்தது. இனி எவ்வளவு வெந்திருக்கிறது என்று கண் டொக்டர் வந்துதான் சொல்லவேண்டும், ஞாயிறு என்பதால் வீட்டிலிருந்து வரவேண்டும் என்றார்கள்.

மனைவி முதியோர் இல்லத்து வேலையிலிருந்து சீருடையோடே வந்தாள். மகளின் கையைப் பிடித்து வலிக்குதா என்று கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, “கண்ணாடி போடேல்லையோ?” என்றாள்.

“போட்டவள்” என்றேன்.

கோப்பி வாங்குகிறேன் என்று வெளியே வந்தேன். ஒருவரும் இல்லாத நடைகூடத்தில் என் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நடந்து பார்த்தேன். நடக்க முடிந்தது. ஆனால் மெஷினிலிருந்து கோப்பையை எடுக்கப் போனபோது என் விரல்கள் அதற்கு முன்னாலேயே வெறும் காற்றைப் பிடித்தன. இன்னொரு முறை செய்தேன். அப்போதும் அப்படித்தான். தூரிகையின் நுனி சுவரைத் தொடுகிற இடம் ஒரு கண்ணுக்கு எப்படித் தெரியும்? கோப்பையை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வந்தேன். இன்றைக்கும் சில வேளைகளில் என்னை அறியாமலே ஒரு கண்ணைப் பொத்தி எதையாவது எட்டிப் பிடித்துப் பார்க்கிறேன்.

மகள் கட்டிலில் படுத்திருந்தாள். “ஒரு கண்ணால பாக்க எல்லாம் போட்டோ மாதிரித் தட்டையாக் கிடக்கு” என்றாள். பிறகு, “டொக்டர் என்ன சொன்னாலும் அந்தச் சுவரை இடிக்கப்படாது, ஓகே? ப்ரொமிஸ் பண்ணுங்கோ” என்றாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மகளின் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். இடிக்கிற எண்ணம் அம்புலன்சிலேயே எனக்கு வந்திருந்தது.

அந்த நேரம் அக்கா அழைத்தார், ஸ்பீக்கரில் போட்டேன். “தம்பி, சுவர் காயாமல் இருக்கட்டும் எண்டு ஒரு பெட்ஷீட்டை நனைச்சு மேலால கொழுவிவிட்டிருக்கிறன். பிள்ளைட்டைச் சொல்லு.”

“எந்த பெட்ஷீட்?” என்று மனைவி கேட்டாள்.

“எனக்கென்ன தெரியும், அலுமாரியில மேல இருந்தது.”

மகள் எழும்பப் பார்த்தாள். “மாமி, டோன்ட் டச் இட்! துணி ஒட்டினாப் பூச்சு கழண்டு வந்திடும்!”

“உனக்கு நல்லது செய்யவும் ஏலாது” என்று சொல்லிவிட்டு அக்கா வைத்துவிட்டார்.

பிறகு நீண்ட நேரம் ஒருவரும் வரவில்லை. திரைக்கு வெளியே கேட்ட ஒவ்வொரு காலடிக்கும் நான் எழுந்தேன். யாராவது கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள், அல்லது பக்கத்து நோயாளியைப் பார்க்க வந்தார்கள்.

கடைசியில் கண் டொக்டர் வந்தார். என்னைவிட இளைய பெண். தோளில் இன்னும் பனி உருகிக்கொண்டிருந்தது. குளிர்ச்சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, எங்களிடம் எதுவும் கேட்காமல் முதலில் மகளிடம் தன் பெயரைச் சொன்னார். கண்ணில் மஞ்சள் மருந்தொன்றை விட்டு, நீல வெளிச்சத்தில் மேலே, கீழே, இடம், வலம் என்று பார்க்கச் சொன்னார். பார்த்த இடத்தையே திரும்பவும் பார்த்தார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

“நான் சுவரில வரையிறனான்” என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். “உண்மையைச் சொல்லுங்கோ.”

டொக்டர் வெளிச்சத்தை அணைத்தார்.

“கருவிழியின் மேற்படலம் வெந்து உரிந்திருக்கிறது, அது திரும்ப வளரும்” என்றார். “அதற்குக் கீழே தெளிவாக இருக்கிறது. இந்தக் கண் உனக்குப் பார்க்கும். நாளைக்குக் காலையில் வா, திரும்பப் பார்க்கவேண்டும். நான் சொல்லும்வரை சுவர் வேண்டாம். அதுவரைக்கும் கடதாசியில் வரை.”