முணுமுணுத்துப் படித்த கதை

ஏழாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்த கடைசி நாளில், ஆங்கில டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். ஆளுக்கொரு சிறுகதையை ஆங்கிலத்தில் சொந்தமாக எழுதி, ஜனவரியில் பள்ளி திறந்ததும் வகுப்பில் வாசிக்க வேண்டும். நன்றாக வாசிப்பவர் திருவள்ளூரில் நடக்கும் போட்டிக்குப் போகலாம். நான் திருவள்ளூரைப் பார்த்ததில்லை. தேர்வானால் லீவு போட்டு அழைத்துப் போவதாக அப்பா சொன்னார்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் கொஞ்சம். அவற்றுக்குள் அடங்குகிற கதையைத்தான் எழுத முடிந்தது. பகலெல்லாம் தூங்கும் ஒரு ராஜா. அவருடைய குதிரை காணாமல் போகிறது. அவரை எழுப்ப யாருக்கும் துணிச்சல் இல்லை. மந்திரியும் சேவகர்களும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்தே நாடு முழுக்கத் தேடுகிறார்கள். இப்படியொரு ராஜா எங்கிருந்து வந்தார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அப்பாவுக்கு இரும்பு ஆலையில் அப்போது நைட் ஷிஃப்ட். காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து கவரைப்பேட்டையில் இறங்குவார். குளித்து, நாஷ்டா முடித்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். ஒரே அறை வீடு. அவர் படுத்ததும் டிவி, மிக்ஸி எல்லாம் அடங்கிவிடும். அம்மாவும் நானும் கை ஜாடையில் குடும்பம் நடத்துவோம். வாசலில் போய்ப் படிக்கலாமென்றால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நைட் ஷிஃப்ட்.

"நைனா தூங்குது. வாய்க்குள்ளயே படிச்சுக்கோ" என்றாள் அம்மா.

விடுமுறை முழுக்கக் கதவோரம் உட்கார்ந்து முணுமுணுத்தே படித்தேன். ஆற்றங்கரையில் குதிரை கிடைக்கும் இடத்தில் மட்டும் நாக்கு தடுமாறும். அப்போதெல்லாம் அப்பாவின் கால் கட்டைவிரல் அசையும். கொசு என்று நினைத்து ஃபேனைக் கூட்டி வைப்பேன்.

ஜனவரியில் வகுப்பில் எழுந்து நின்றேன். கதை மனப்பாடம். குரல்தான் வரவில்லை. டீச்சர் இரண்டு முறை சத்தமாகப் படிக்கச் சொன்னார். சத்தத்தைக் கூட்டினால் அடுத்த வார்த்தை மறந்தது; குறைத்தால் திரும்பி வந்தது.

"இன்னாடி, சாமியாண்ட வேண்டிக்கிறியா?" என்றாள் பின் பெஞ்சுக்காரி. வகுப்பே சிரித்தது. திருவள்ளூருக்கு வேறொரு பையன் போனான்.

மாலையில் வீட்டில் சொன்னேன். வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்த அப்பா நிமிராமலே சொன்னார்: "ஆத்தாண்ட குதிர கெடைக்குதே, அந்த எடம் நல்லா இருக்கும்மா. அங்கதான் ஒனக்கு எப்பவும் தடுக்குது. அத்தயாச்சும் சத்தமா சொல்லிருக்கலாம்."

அம்மா கதையைச் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அடுத்த வாரம் அப்பாவுக்கு மெமோ வந்தது. டிசம்பர் கடைசியில் வேலை நேரத்தில் தூங்கி விழுந்தாராம். அம்மா பேஜாராகிவிட்டாள். "பகல் பூரா தூங்குற. ராத்திரியும் உனக்கு எப்படிய்யா தூக்கம் வருது?"

அப்பா மெமோவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அம்மா கேட்டது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அவர் தூக்கம் கெடக்கூடாதென்று அந்த விடுமுறை முழுவதும் நாங்கள் ஒரு சத்தம்கூடப் போடவில்லையே.