இன்னொரு கால் ஷூ

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் சாம்பிள் தைப்பவள் நான். போன வருடம் ஆர்டர் கொடுப்பவர்களிடம் காட்ட ஒரு சாம்பிளோடு சென்னைக்குப் போனேன். சுரங்க மெட்ரோ எனக்கு அதுதான் முதல் தடவை. ரயில் வந்த பதற்றத்தில் சாம்பிள் இருந்த பையை பெஞ்சிலேயே விட்டுவிட்டு ஏறிவிட்டேன்.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்தால் பெஞ்சு காலி. அருகில் ஓர் அக்கா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என் பையை நீங்கதானே எடுத்தீங்க? குடுத்துடுங்க" என்று நாலு பேர் பார்க்கக் கத்திவிட்டேன்.

அவர் என்னை ஸ்டேஷன் ஆபீசுக்கு அழைத்துப் போனார். பை அங்கே ஊழியர்கள் மேஜையில் பத்திரமாக இருந்தது.

"நான்தாம்மா கொண்டாந்து குடுத்தேன். இவங்க தொறந்து பாத்தா ஒரு ஷூதான் இருந்துச்சு. இன்னொண்ணு எங்க விழுந்துச்சோன்னு பிளாட்பாரம் பூரா தேடிட்டேன், கெடைக்கல" என்றார், தப்பு செய்தவர் போல.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "சாம்பிள்னா ஒரு கால் மட்டும்தான் தைப்போம்க்கா. இன்னொண்ணு கெடையவே கெடையாது. நான் பேசுனதுதான் தப்பு."

"அப்பாடா" என்று சிரித்தார். "அதான் மனசுக்குப் பேஜாரா இருந்துச்சு."

இப்போதெல்லாம் 'ஒரு கால் மட்டும்தான், தேட வேண்டாம்' என்று ஒரு சீட்டு எழுதி சாம்பிள் பைக்குள் வைக்கிறேன். கம்பெனியில் எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள். தேடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.