அருளப்பன் ஜீப்பின் முன்சக்கரங்களை இழுக்க வைத்தேன்

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், கன்னியப்பன். துறைமுகத்தில் உடைத்துப் போட்ட கிரேனின் வின்ச்சை லாரியில் பூட்டி மீட்பு வண்டி செய்தேன். ஐஸ் பேக்டரியில் எடைக்குப் போடச் சொன்ன என்ஜினை ஓட வைத்தேன், இன்னும் ஓடுகிறது. பெரிய படிப்புக்காரர்கள் ஆகாது என்று கைவிட்ட கியர் பாக்ஸ்கள் எத்தனையோ திருவொற்றியூரில் என் பட்டறையில் ஆகியிருக்கின்றன. இதெல்லாம் ஊருக்குத் தெரியும். இந்த ஜீப் கதை தெரியாது. புதிதாக ஸ்பேனர் பிடிப்பவர்கள் படிக்கட்டும்.

1. லிவர் மட்டும்

எண்ணூர் குப்பத்து அருளப்பன் தன் ஃபைபர் போட்டை விற்றுப் பழைய ஜீப் ஒன்று வாங்கினார். கரைக்கு வரும் போட்டுகளை மணலில் இழுத்து மேலேற்றும் வேலைக்காக. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு போட்டை இழுத்துக் காட்டினால் குப்பத்து வேலை முழுக்க அவருக்கு. இல்லையென்றால் வெளியூர் டிராக்டருக்கு. ஆனால் மணலில் இறக்கினால் பின்சக்கரம் மட்டும் சுற்றிக் குழி தோண்டியது.

"ஃபோர் வீலு லிவரு கீது நைனா, போட்டாலும் முன்னாடி வீலு இழுக்கல. போட்டும் பூட்ச்சு. இதுவும் பூட்ச்சுன்னா வூட்டுக்காரி என்னத்தான் மணல்ல இழுப்பா."

கீழே படுத்துப் பார்த்தேன். என்ஜின் சுழற்சியை முன்னச்சுக்குக் கொண்டுபோகிற ஷாஃப்டே இல்லை. இவ்வளவுதானா என்று ஒன்றைத் தேடிப் பூட்டினேன். ஃபோர் வீல் போட்டுத் தார் ரோட்டில் எடுத்தால் வண்டி முக்கியது, உதறியது, பத்தடியில் நின்றது.

"இன்னா நைனா, ஹேண்ட் பிரேக் போட்டுகினு ஓட்றியா?"

2. சாக்பீஸ் கணக்கு

ஃபோர் வீலில் முன்னச்சும் பின்னச்சும் ஒரே கணக்கில் சுற்ற வேண்டும், இல்லையென்றால் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடிக்கும். ஒரு பக்க வீலை மட்டும் ஜாக்கியில் தூக்கி, வீலிலும் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டேன். எதிர்ப்பக்க வீல் தரையில் நிற்பதால், தூக்கிய வீலை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். ஒரு சுற்றோடு நிறுத்துகிறவன் ஏமாறுவான். அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று? முன்னால் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. பின்னால் நாலேகால். ஒரே வண்டியில் இரண்டு கணக்கு!

"எவன்டா இந்த கலீஜ் வேலைய பண்ணது?" என்று கத்திக்கொண்டே பின்னச்சின் மூடியைத் திறந்தேன். பல்சக்கரத்தின் ஓரத்தில் முக்கோணமாக மூன்று புள்ளிகள். நான் பூட்டும் சக்கரத்தில் நான் அடிக்கிற குறி.

பிறகுதான் நினைவு வந்தது. அப்போது அது கூரை வைத்த வெள்ளை வண்டி. அன்றைய ஓனர் ஹைவேயில் வேகம் கேட்டார். பின்னால் மட்டும் பல் மாற்றி, முன் ஷாஃப்டைக் கழற்றிக் கையில் கொடுத்து, இனி இதைப் பூட்டக் கூடாது என்று வாயால் சொல்லி அனுப்பினேன். வண்டி கை மாறியது. என் சொல் கூடப் போகவில்லை.

மூடியைப் போட்டுவிட்டு வேறு யார் மேலாவது பழி சொல்லியிருக்கலாம். அருளப்பனைக் கூப்பிட்டுப் புள்ளியைக் காட்டினேன்.

"அப்போ நோவு குட்த்ததும் நீ, ஊசி போடறதும் நீயா? ஷோக்கா கீது நைனா!" என்று சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. "ஞாயித்துக்கெயமைக்குள்ள ஆவுமா?"

"ஆவும். ஆவலன்னா நானே கயிறு புட்ச்சு இழுக்கறேன்."

முன்னச்சின் கணக்குக்கு ஒத்த பல்சக்கர ஜோடியைப் புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் கடைகளில் தேடிப் பிடித்து, சனிக்கிழமை மதியத்துக்குள் பின்னால் பூட்டினேன்.

3. மணல்

ஞாயிறு, குப்பமே கரையில் நின்றது. போட்டுக்காரர் ஒருவர் கேட்டார்: "ஃபோர் வீலு கீதா, லிவரு மட்டுந்தான் கீதா?"

அருளப்பன் பதற்றத்தில் லிவரைப் போடாமலே கிளட்ச்சை விட்டார். பின்சக்கரம் வாரிய மணல் முழுக்க அந்தப் போட்டுக்காரரின் வெள்ளை வேட்டியில். "லிவர போடு மாமு!" என்று கத்தினேன். போட்டார். முன்சக்கரங்கள் இரண்டும் மணலைக் கவ்வின. கயிறு விறைத்தது, போட் அசைந்தது, மேடேறியது. "அட்த்தது என்னுது!" என்றார் அதே போட்டுக்காரர், வேட்டியை உதறிக்கொண்டே.

நான் கற்றது இது: அச்சின் கணக்கை மாற்றினால் வாயால் சொல்லாதே, அச்சின் மேலேயே பெயிண்டால் எழுது.

ஜீப்பின் பக்கவாட்டில் இப்போது மாதா படம் இருக்கிறது. பிள்ளைகள் பெயர் இருக்கிறது. மூலையில் ஸ்டிக்கர் ஒட்டியவன் பெயர்கூட இருக்கிறது. நாலு சக்கரத்தையும் இழுக்க வைத்தவன் பெயர் எங்கே? அருளப்பா, பின்கதவில் எழுது: "கெடுத்ததும் கன்னியப்பன், சரிசெய்ததும் கன்னியப்பன்." ஸ்டிக்கர்காரன் பெயரைவிட எழுத்து பெரிதாக இருக்க வேண்டும்.