கரண்டு விஷயமா வந்திருக்கோம்

கோவில்பட்டியில் நான் வேலைக்குச் சேர்ந்த சோலார் கம்பெனியில் முதல் மூன்று நாள் பயிற்சி. பேனல் எப்படிக் கரண்டு தரும் என்பதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினார்கள். மீதி நேரம் முழுக்க, வீட்டு வாசலில் நின்று என்ன பேசுவது என்பதுதான்.

"சோலார்ங்கற வார்த்தையே உங்க வாயிலருந்து வரக் கூடாது. கரண்டு விஷயமா வந்திருக்கோம்னு சொல்லுங்க. ஈபியான்னு கேட்டா ஆமான்னும் சொல்லாதீங்க, இல்லன்னும் சொல்லாதீங்க. உடனே ஈபி கார்டைக் கேளுங்க, எடுத்துட்டு வந்துருவாங்க" என்றார் மேனேஜர். வெளியூர்க்காரர். நாங்கள் எட்டுப் பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது.

அதற்கு முன்பு ஒரு தீப்பெட்டிக் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தேன். அதை மூடிவிட்டார்கள். இங்கே நீலச் சட்டையும், மின்னல் படம் போட்ட அடையாள அட்டையும் கொடுத்தார்கள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் யாருக்கும் மின்வாரிய ஆள் போலத்தான் தெரியும். அதற்காகவே அச்சடித்த அட்டை அது.

ஏற்பாடு இதுதான். கம்பெனி தன் செலவில் மொட்டைமாடியில் பேனல் மாட்டும். அதில் வரும் கரண்டை வீட்டுக்காரர்கள் கம்பெனியிடமிருந்தே இருபது வருஷம் வாங்க வேண்டும். அதுவரை மாடி கம்பெனியின் பிடியில் இருக்கும். அங்கே ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. எல்லாம் டேப்லெட்டில் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக இருந்தது. நாங்கள் அதை 'சர்வே' என்று சொல்ல வேண்டும்.

ஓட்டப்பிடாரத்தில் ஒரு தெருவுக்குள் போனது என் இரண்டாவது வாரம். வெயில் ஏறியிருந்தது. ஒரு வீட்டு முன்னறையில் ஒரு அக்கா ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். மோட்டார் போட்ட மெஷின். என் சட்டையைப் பார்த்ததுமே எழுந்துவிட்டாள்.

"கரண்டு ஆபீஸ்ல இருந்தா வருதீங்க?"

ஆமான்னும் சொல்லக் கூடாது, இல்லன்னும் சொல்லக் கூடாது. ஆனால் நான் "ஆமாக்கா" என்றேன். மேனேஜர் சொல்லிக்கொடுத்ததைவிட ஒரு படி மேலே போனேன். அந்த வாரத்துக்குள் இரண்டு பேரைச் சேர்க்காவிட்டால் திங்கட்கிழமை காலை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துப் பேசுவார்கள். அதற்குப் பயந்து சொன்ன பொய் அது.

மீட்டரை மாற்றப் போகிறார்கள், இலவச யூனிட் நின்றுவிடும், இந்த சர்வேயில் பேர் இருந்தால்தான் சலுகை கிடைக்கும் என்றேன். ஒன்றுகூட உண்மையில்லை. அவள் முகம் வாடிவிட்டது. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், லோடோடு வடக்கே போயிருக்கிறார், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். இன்றைக்குத்தான் கடைசி நாள் என்றேன்.

பேனலுக்கு இடம் இருக்கிறதா என்று மாடிக்குப் போய்ப் பார்த்தேன். நாலு மூலையிலும் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. துருப்பிடிக்காமல் இருக்க ஒவ்வொரு கம்பியின் தலையிலும் பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்திருந்தாள்.

"மக நர்ஸுக்குப் படிக்கா. அவளுக்கு மேல ஒரு ரூம் போடணும். இதால அதுக்கு ஒண்ணும் தடை வராதுல்லா?"

"அதெல்லாம் பெறகு பாத்துக்கிடலாம்க்கா. ஓடிபி வந்திருக்கும் பாருங்க."

நம்பரைச் சொன்னாள். பிறகு கம்பெனியிலிருந்து போன் வரும், எல்லாவற்றுக்கும் சரி என்று சொன்னால் போதும் என்றேன். போன் வந்தது. ஒரு பெண் ஆங்கிலமும் தமிழும் கலந்து மூச்சுவிடாமல் வாசித்தாள். அக்கா என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சரி, சரி என்றாள். கிளம்பும்போது எனக்கு மோர் கொடுத்தாள். குடித்தேன்.

ஒரு மாதம் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது.

"ஏட்டி, இங்கன நாலு பேரு வந்து கம்பிய அறுக்கானுவ! நீ என்னத்த எழுதி வாங்கிட்டுப் போன?"

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். நான் போவதற்குள் மூன்று தூண் முடிந்துவிட்டது. தளத்தோடு தளமாக அறுத்திருந்தார்கள். பாட்டில்கள் மாடியெல்லாம் உருண்டுகிடந்தன. நிறுத்துங்கள் என்று கத்தினேன். கட்டரைக் கையில் வைத்திருந்தவர், "பேனல்ல நெழல் விழுது மேடம், அறுக்கச் சொல்லித்தான் ஆர்டர்" என்று சொல்லிவிட்டு நாலாவதுக்குப் போனார். அக்கா கையிலிருந்த போனில் அவள் வீட்டுக்காரர் எங்கோ தொலைவிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"ஓடிபி சொன்னது அவங்க. சரி சரின்னு பதிவாயிருக்கு. நீங்க ஏன் டென்ஷன் ஆகுறீங்க?"

"நாந்தான சார் அப்படிச் சொல்லச் சொன்னேன்! நீங்கதான எனக்குச் சொல்லித் தந்தீங்க!"

"அதுக்கு ஏதாச்சும் பதிவு இருக்கா?"

இருந்தது. தினமும் காலையில் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இன்றைக்கு எந்தத் தெரு, எந்தப் பொய் என்று அவரே வாய்ஸ் மெசேஜ் போடுவார். படிக்காத வீடா, கிழவர்கள் மட்டும் இருக்கிற வீடா, ஆம்பளை வெளியூரில் இருக்கிற வீடா, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வசனம். குரூப்பிலிருந்து என்னை நீக்குவதற்குள் அத்தனையையும் வேறொரு போனுக்கு அனுப்பிவிட்டேன். அட்டையை அவர் மேஜையில் போட்டுவிட்டு வந்தேன். வேலையை விட்டதால் நான் நல்லவளாகிவிடவில்லை. அந்த ஒரு மாதத்தில் இன்னும் பதினோரு வீட்டு வாசலில் நின்று அதே பொய்யைச் சொல்லிச் சேர்த்திருந்தேன்.

அங்கிருந்து அக்கா வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியேதான் அவள் என்னை நிறுத்தினாள். போனில் போட்டுக் காட்டிய மேனேஜர் குரலை முழுதாகக் கேட்டாள்.

"இத வந்து கோர்ட்டுல சொல்லுவியா?"

"சொல்லுதேன்க்கா."

தூத்துக்குடி நுகர்வோர் கோர்ட்டில் அக்கா கேஸ் போட்டாள். நாலைந்து முறை தள்ளிப்போட்டார்கள். கடைசியில் கம்பெனி வக்கீல் என்னைப் பார்த்துக் கேட்டார். "மின்வாரியத்திலிருந்து வருவதாகச் சொல்லும்படி கம்பெனி உங்களிடம் சொல்லவே இல்லை. நீங்களாகத்தானே சொன்னீர்கள்?"

"ஆமா, நானாத்தான் சொன்னேன். அப்படி நெனைக்கட்டும்னுதான் அந்தச் சட்டையும் அட்டையும் தந்தாங்க. மேல ரூம் கட்ட முடியாதுன்னு தெரிஞ்சும் மறைச்சேன். கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு சொன்ன குரல் இந்தப் போன்ல இருக்கு. போடட்டுமா?"

ஒப்பந்தம் செல்லாது, பேனலைக் கழற்ற வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கழற்றினார்கள். அறுத்த தூணில் மறுபடி கம்பி சேர்ப்பதென்றால் தளத்தை உடைக்க வேண்டும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். கோவில்பட்டி ஆபீஸைக் காலி செய்தவர்கள் வேறு பெயரில் கயத்தாறு பக்கம் சுற்றுகிறார்கள் என்று கேள்வி. பெயரும் சட்டையின் நிறமும்தான் மாறியிருக்கின்றன. மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் பெயர் தீர்ப்பில் எந்த இடத்திலும் வரவில்லை.

தீர்ப்பு வந்த அன்று நானும் அக்காவும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் அவள் முன்னால் போய் உட்கார்ந்தாள். ஓட்டப்பிடாரத்தில் இறங்கும்போது படிக்கட்டருகே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மத்த வீட்டுக்கெல்லாம் போயிச் சொன்னியா?"

"மூணு வீட்டுக்குப் போனேன்க்கா."

"மிச்ச வீட்டுக்கும் போ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.