ஏழாவது தளத்து மழை

“சிவில் படிச்சிட்டு செங்கல் தூக்கப் போறியா?” என்று பெரியப்பா ஒருமுறை கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான்.

ஒரகடத்தில், வங்கித் தலைமையகமாக இருந்த பதினோரு மாடிக் கட்டடத்தின் எதிரே நிற்கிறேன். இனி இது கம்பெனிப் பெண்களின் விடுதி. தாங்குமா என்று நான்தான் சொல்ல வேண்டும். பழைய வரைபடங்கள் கிடைக்கவில்லை.

அதைச் சொன்னதும் டீக்கடை அஞ்சலை அக்கா சிரிக்கிறார்.

“என்னைக் கேளு தங்கச்சி. சாரத்துல வரிசையா நின்னு சட்டி சட்டியா கலவ மாத்தினவ நானு. ஏழாவது தளம் போடச்சொல்லோ மழ கொட்டுச்சி. பாதில வுட்டுட்டு மறாநாளு மீதிய போட்டாங்க. பழசும் புதுசும் ஒட்டுன எடத்த நல்லா பாரு.”

அண்ணாந்து பார்க்கிறேன். இவ்வளவு உயரமும் கைமாறிக் கைமாறியா ஏறியது?

கான்கிரீட்டைத் துளைத்துச் சோதிக்கும் கருவியோடு படியேறிக்கொண்டிருக்கிறேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்த அக்கா, இடம் காட்ட முன்னால் போகிறார்.